பிசிக்ஸ் படித்தால் என்னங்க வேலை?

வைகாசியில் எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பிக்குப் போயிருந்தேன். சோமனூர்ப் பக்கம், தறிச் சத்தம் நின்றுவிட்டால் என்னவோ ஏதோ என்று ஆட்கள் வெளியே வந்து எட்டிப் பார்க்கிற ஊர். கம்பம் ஆடி முடித்து எல்லோரும் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது சித்தி பையன் பேச்சு வந்தது. பிளஸ் டூ முடித்திருக்கிறான், அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. பிசிக்ஸ் சீட் கிடைத்திருக்கிறது, அவனுக்கு அதில்தான் ஆசை. திருப்பூரில் இருந்து வந்திருந்த மாமா சும்மா இருக்கவில்லை. "இஞ்சினியரிங் முடிச்சவனே நம்ம பனியன் கம்பெனியில வேலை கேட்டு நிக்கறான், இதைப் படிச்சு என்ன கண்ணு பண்ணுவே?" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "அம்மிணி, நீயும் அதைத்தானே படிச்சே, இப்ப என்ன பண்ணீட்டு இருக்கறே?" என்று கேட்டார்.

"அளவு சரி பார்க்கிற லேப்புலீங்க மாமா" என்றேன். அதற்கு மேல் அந்தக் கூட்டத்தில் சொல்ல முடியவில்லை. ராத்திரி பையன் மட்டும் தனியாக வந்து, "அக்கா, நெஜமாவே சொல்லுங்க, சேரலாமா வேண்டாமா?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு ஈரோட்டிலும் உடுமலையிலும் தாராபுரத்திலும் நிறையப் பிள்ளைகள் இந்த மாதம் உட்கார்ந்திருப்பார்கள்.

முதலில் என் கதை. அப்பா கூலிக்கு நெய்கிற எட்டுத் தறி வைத்திருந்தார். 2009இல் நான் பி.எஸ்சி. சேர்ந்தது ஓர் அரசு கலைக் கல்லூரியில். ஒரு செமஸ்டருக்குக் கட்டிய பணம் எங்கள் வீட்டு ஒரு வாரத் தறிக்கூலியை விடக் குறைவு. இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கட்டணம் மட்டும் இல்லாவிட்டால் நான் பதினெட்டு வயதில் செக்கிங் டேபிளில் துணியைப் புரட்டிக்கொண்டிருப்பேன். என்னோடு படித்த நாற்பது பேரில் பாதிக்கு மேல் வீட்டிலேயே முதல் பட்டதாரிகள். பொதுப் பணத்தில் நடக்கிற கல்லூரி என்பதற்கு என்ன அர்த்தம் என்று எங்களைக் கேட்டால் தெரியும்.

ஆனால் அங்கே ஒரு குறை இருந்தது, அதையும் சொல்லியாக வேண்டும். பிராக்டிகல். ஒளியைப் பிரித்துப் பார்க்கிற ஸ்பெக்ட்ரோமீட்டர் ஒன்றுக்கு எட்டுப் பேர், சோடியம் விளக்கு சூடாகி மஞ்சளாக எரிய ஆரம்பிப்பதற்குள் பாதி நேரம் போய்விடும், ரெக்கார்டு நோட்டில் போன வருச அக்காக்களின் எண்கள் அப்படியே வரிசை மாறாமல் ஏறும். எனக்கு மறக்காத ஒரு நாள் உண்டு. கூட்டு ஊசல் வைத்துப் புவியீர்ப்பு முடுக்கம் கண்டுபிடிக்கிற சோதனை. எனக்கு 9.62 வந்தது. மூன்று தடவை செய்தேன், மூன்று தடவையும் 9.6ஐ ஒட்டித்தான் வந்தது. "9.8 வரலைன்னா மார்க் கிடையாது, சரியா எழுது" என்று சொல்லிவிட்டார்கள். அழித்துவிட்டு அலைவு நேரங்களை மாற்றி எழுதினேன், 9.79 வந்தது, கையெழுத்தும் கிடைத்தது. ஊசல் தொங்குகிற கத்திமுனை மழுங்கியிருந்தது என்பது எனக்கே தெரியும், கையால் தடவிப் பார்த்திருந்தேன். அந்த 9.62தான் அன்றைக்கு நான் கண்டுபிடித்த ஒரே விசயம். அதைத்தான் அழித்தேன்.

இன்னொரு குறை தேதி. ஐ.ஐ.டி.யில், பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யில் எம்.எஸ்சி. அளவில் சேர ஜாம் என்று ஒரு தேர்வு இருக்கிறது என்பதே எங்கள் வகுப்பில் யாருக்கும் தெரியாது. மூன்றாம் வருசம் ஜனவரியில் ஒரு பெண் எங்கேயோ கேள்விப்பட்டு வந்து சொன்னபோது விண்ணப்பத் தேதி முடிந்திருந்தது. இப்போதெல்லாம் விண்ணப்பம் செப்டம்பர், அக்டோபரில், தேர்வு பிப்ரவரியில். மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண், தாள் முழுக்க ஆங்கிலம். தமிழ் வழியில் உந்தம், குறுக்கீட்டு விளைவு, விளிம்பு விளைவு என்று படித்த பிள்ளைக்குப் பாடம் தெரிந்தும் கேள்வி புரியாமல் போகும் ஆபத்து இருக்கிறது. ஆறு மாதம் ஆங்கிலப் புத்தகத்தில் கணக்குப் போட்டுப் பழகினால் அது தீர்ந்துவிடும், அதற்கு இரண்டாம் வருசமே ஆரம்பிக்க வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு அது போனது. ஆனால் எம்.எஸ்சி.க்குப் பாரதியார் பல்கலைக்கழகம் கிடைத்தது. 1982இல் தொடங்கியது, மருதமலை அடிவாரம், காந்திபுரத்தில் எழுபதாம் நம்பர் பஸ் ஏறினால் வாசலில் இறக்கிவிடுவார்கள். அந்த இரண்டு வருசம் என் வாழ்க்கையில் நான் அதிகம் யோசித்த இரண்டு வருசம். குவாண்டம் மெக்கானிக்ஸ் முதல் தடவை தலைக்குள் இறங்கினதும், ஸ்ப்ரே பைராலிசிஸில், அதாவது சூடான கண்ணாடித் துண்டு மேல் கரைசலைத் தெளித்து, ஜிங்க் ஆக்சைடு படலம் போட்டு, எக்ஸ்-ரே விளிம்பு விளைவில் 34.4 டிகிரி பக்கத்தில் அந்த உச்சம் எழும்பி வந்ததைப் பார்த்ததும் அங்கேதான். நான் போட்ட படலம், அதற்குள் அணுக்கள் வரிசையாக நிற்கின்றன என்பதற்கு அந்தக் கோடு சாட்சி. அன்றைக்கு ஹாஸ்டலில் யாரிடமும் பேசாமல் நடந்துகொண்டே இருந்தேன்.

பி.எஸ்சி. கடைசி வருசத்தில் ஊட்டிக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். எல்லோரும் பொட்டானிக்கல் கார்டன் போகிற ஊட்டிதான், நாங்கள் போனது முத்தோரை. அங்கே மலைச்சரிவில் 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்துக்கு ஒரு ரேடியோ தொலைநோக்கி படுத்திருக்கிறது. 1970இல் இருந்து இயங்குகிறது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் கட்டியது. ஏன் அந்தச் சரிவு என்று கேட்டபோது சொன்னார்கள்: அந்த இடத்தின் அட்சரேகை சுமார் 11 டிகிரி, சரிவும் 11 டிகிரி, அதனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் சுழற்சி அச்சுக்கு இணையாக அமைந்துவிடுகிறது, ஒரே அச்சில் சுற்றினாலே வானத்துப் பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். ஒரு மலையின் சாய்வைத் தேடிப் பிடித்து அதையே கருவியின் பாகமாக்கியிருக்கிறார்கள். அதே ஊட்டியில் காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடமும் இருக்கிறது, கிரேப்ஸ்-3 என்று பெயர். நாங்கள் போய் வந்த பிறகு, 2014 டிசம்பர் 1ஆம் தேதி, மேலே கடந்து போன ஓர் இடிமேகத்துக்குள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்தது என்று, காஸ்மிக் கதிர் காற்றில் மோதி உண்டாகிற மியுவான் துகள்கள் குறைந்த கணக்கை வைத்தே கண்டுபிடித்து 2019இல் வெளியிட்டார்கள். நம் வீட்டு மாடியில் இருந்து பார்த்தால் தெரிகிற நீலமலைக்கு மேலே நடந்த விசயம் இது. இந்த மாதிரி வேலைக்கெல்லாம் அமெரிக்கா போகத் தேவையில்லை என்று முத்தோரையில் நின்ற அன்றைக்கே புரிந்தது.

சரி, வேலைக்கு வருகிறேன்.

எம்.எஸ்சி. முடித்து, ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியர் தகுதிக்குமான நெட் தேர்வு இரண்டு தடவை எழுதினேன், கிடைக்கவில்லை. வீட்டில் தங்கச்சி படிப்பு இருந்தது, மூன்றாவது தடவைக்குக் காத்திருக்க முடியவில்லை. கோவையில் ஒரு ஃபவுண்டரியில் ஸ்பெக்ட்ரோ ரூமுக்கு ஆள் கேட்டார்கள். பம்ப், மோட்டார், வால்வுக்கெல்லாம் இரும்பு வார்க்கிற ஃபவுண்டரிகள் நம் பக்கம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். அவற்றில் பல இடங்களில் உலைக்குப் பக்கத்தில் ஏ.சி. போட்ட ஒரு சின்ன அறை இருக்கும். உருகின இரும்பில் கரண்டியால் கொஞ்சம் எடுத்துச் செப்பு அச்சில் ஊற்றி, காசு மாதிரி ஒரு வில்லை எடுத்து வருவார்கள். அதை உரசி, கருவியில் வைத்து, மின்பொறி அடித்தால், ஒவ்வொரு தனிமமும் தனக்கான அலைநீளத்தில் ஒளி விடும். அதைக் கிரேட்டிங், அதாவது நெருக்கமாகக் கோடு கீறிய தகடு, பிரித்துக் காட்டும். கார்பன் எவ்வளவு, சிலிக்கன் எவ்வளவு என்று சில நொடியில் திரையில் வரும். கார்பனுக்குப் பார்க்கிற கோடு 193 நானோமீட்டர், புறஊதா, அதைக் காற்றே விழுங்கிவிடும் என்பதால் ஒளி போகிற பாதையில் காற்று இருக்கக் கூடாது. எட்டுப் பேர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக் கற்ற அதே கிரேட்டிங் சோதனை. இன்டர்வியூவில் முதல் கேள்வியே அதுதான்.

சேர்ந்த இரண்டாவது மாதம், ஒரு மத்தியானம். ஒரே வில்லையில் மூன்று இடத்தில் பொறி அடிக்கிறேன், கார்பன் சதவீதம் 3.38, 3.21, 3.52 என்று வருகிறது. உலையில் இரும்பு காத்துக்கொண்டிருக்கிறது, கரண்ட் ஓடுகிறது, ஷிஃப்ட் சூப்பர்வைசர் கண்ணாடிக்கு வெளியே நின்று கையைக் காட்டுகிறார். சராசரி போட்டால் 3.37, வேண்டிய அளவுக்குள் அழகாக உட்காரும். எழுதிக் கொடுத்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். எனக்கு அந்த 9.62 ஞாபகம் வந்தது. மூன்று தடவையும் எனக்கு ஒத்து வந்த எண்ணை அழித்தவள் நான், இங்கே மூன்றும் மூன்று திசையில் நிற்கிறது, இதை ஒத்துக்கொள்வதா? "இதை நம்ப முடியாதுங்க, வேற வில்லை வேணும்" என்றேன். அங்கே இருபது வருசம் உலையில் நின்ற ஓர் அண்ணன்தான் வந்து அச்சைத் தொட்டுப் பார்த்தார். "சூடா இருக்குது அம்மிணி, முந்தின வில்லை ஊத்தி ஆறலை" என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. இரும்பு சட்டென்று உறைந்தால் கார்பன் இரும்போடு சேர்ந்த நிலையிலேயே சீராக நின்றுவிடும், வில்லையை உடைத்தால் வெள்ளையாக இருக்கும். அச்சு சூடாக இருந்தால் மெதுவாக ஆறும், கார்பன் பிரிந்து கிராஃபைட்டாகத் திட்டுத் திட்டாக ஒதுங்கும், பொறி எந்தத் திட்டில் விழுகிறதோ அந்த எண். அச்சை ஆற வைத்து வேறு வில்லை எடுத்தோம். மூன்றும் 3.5ஐத் தாண்டி, இரண்டாவது தசமம் வரை ஒத்து வந்தது. உலையில் கலவையைச் சரி பண்ணிவிட்டுத்தான் ஊற்றினார்கள்.

பிசிக்ஸ் என்ன வேலை தரும் என்று யார் கேட்டாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த மத்தியானம்தான். எந்தப் போர்டிலும் பிசிக்ஸ் என்று எழுதியிருக்காது. "இந்த எண்ணை நம்பலாமா" என்ற கேள்வி எங்கே காசு பெறுமோ அங்கே நமக்கு இடம் இருக்கிறது, கொங்கு நாட்டில் அந்தக் கேள்வி தொழிற்பேட்டைக்குத் தொழிற்பேட்டை இருக்கிறது.

இப்போது நான் இருப்பது கேலிப்ரேஷன் லேப். கம்பெனிகளின் மைக்ரோமீட்டர், கேஜ், எடைக்கல், தெர்மோகப்பிள் எல்லாம் வரும். எங்களிடம் இருக்கும் தரக் கருவியோடு ஒப்பிட்டு எவ்வளவு விலகியிருக்கிறது, அந்த விலகலைச் சொல்வதில் எங்களுக்கே எவ்வளவு ஐயம் இருக்கிறது என்று இரண்டையும் எழுதிக் கொடுக்க வேண்டும். நீள அளவுக்கு உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட வெப்பநிலை 20 டிகிரி. 100 மில்லிமீட்டர் எஃகுத் துண்டு ஒவ்வொரு 10 டிகிரிக்கும் சுமார் 11.5 மைக்ரான் நீளும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). சித்திரை மாதம் 38 டிகிரியில் பட்டறையில் அளந்தால், எஃகு மட்டும் 20 மைக்ரானுக்கு மேல் வளர்ந்திருக்கும், அதில் பேரிங் உட்காராது. முதல் செமஸ்டரில் படிக்கிற வெப்ப விரிவுதான். ஆரம்பச் சம்பளம் ஐ.டி. கம்பெனிச் சம்பளத்துக்குப் பக்கத்தில் வராது, அதை மறைக்க மாட்டேன். ஆறேழு வருசம் நின்று, தரச் சான்று ஆடிட்டை நேருக்கு நேர் எதிர்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு நல்ல நிலை வருகிறது.

மற்ற வழிகளையும் சொல்கிறேன், எனக்கு நேரில் தெரிந்த அளவுக்கு.

ஆராய்ச்சி வேண்டும் என்றால் ஜாம், ஜெஸ்ட், கேட் என்று நுழைவுத் தேர்வுகள், அப்புறம் சி.எஸ்.ஐ.ஆர். நெட். நெட்டில் ஜே.ஆர்.எஃப். வாங்கிவிட்டால் முதல் இரண்டு வருசம் மாதம் 37,000 ரூபாயும் பிறகு 42,000 ரூபாயும் உதவித்தொகை, 2023 ஜனவரியில் இருந்து இந்தக் கணக்கு. தறிக்கூலி வீட்டுப் பிள்ளைக்கு அது படித்துக்கொண்டே வீட்டைத் தாங்குகிற பணம். ஆனால் பிஎச்.டி. ஐந்து வருசம் என்று மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், அதற்குப் பிறகும் நேராக வேலை இல்லை. நம் பக்கத்துப் பல்கலைக்கழகங்களில் மெல்லிய படலம், நானோ பொருள், படிக வளர்ப்பு என்று முடித்தவர்கள் பலரும் தென்கொரியா, தைவான் என்று போஸ்ட்-டாக், அதாவது பிஎச்.டி.க்குப் பிறகான தற்காலிக ஆராய்ச்சி வேலைக்குப் போகிறார்கள். என் கூடப் படித்தவள் ஒருத்தி கொரியாவில் மூன்று வருசம் இருந்துவிட்டு வந்தாள். வேலை அருமை, குழந்தையை அம்மாவிடம் விட்டுப் போனதுதான் தாங்கவில்லை என்றாள். இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

வாத்தியார் வேலை. மாமா கேட்டதும் மனதில் நினைத்திருப்பது இதைத்தான். பி.எட். இரண்டு வருசம், பட்டதாரி ஆசிரியருக்கு டெட் தகுதித் தேர்வில் இரண்டாம் தாள், எம்.எஸ்சி., பி.எட். இருந்தால் முதுகலை ஆசிரியருக்கு டி.ஆர்.பி. தேர்வு. நல்ல வேலை, மரியாதையான வேலை, எனக்கு பிளஸ் ஒன்னில் இயற்பியல் எடுத்த டீச்சர் இல்லாவிட்டால் நான் இல்லை. ஆனால் அறிவிப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாது, வருசக்கணக்கில் வராமலும் இருக்கும், அந்த இடைவெளியில் தனியார் பள்ளிச் சம்பளத்தில் வயது போய்விடும். கல்லூரியில் என்றால் நெட் அல்லது செட் அல்லது பிஎச்.டி.; நிரந்தர இடம் நிரப்பும் வரை கௌரவ விரிவுரையாளர் என்று தொகுப்பூதியத்தில் நிறுத்திவைக்கிறார்கள். பிஎச்.டி. முடித்து நாற்பது வயதில் அப்படி நிற்கிறவர்களை எனக்குத் தெரியும். நிரந்தர ஆசிரியர் வேலைக்குச் செய்கிற அதே பாடம், அதே தாள் திருத்தல், சம்பளம் மட்டும் பாதிகூட இல்லை. இது சரியில்லை, இதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

நிறையப் பேருக்குத் தெரியாத ஒன்று மருத்துவ இயற்பியல். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தருகிற எந்த மருத்துவமனையும் தகுதி பெற்ற இயற்பியலாளர் இல்லாமல் நடத்த முடியாது, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதி அது. எவ்வளவு டோஸ், எந்தக் கோணம், பக்கத்து உறுப்புக்கு எவ்வளவு போகும் என்று கணக்குப் போடுவது அவர்கள். எம்.எஸ்சி. பிசிக்ஸ் முடித்து பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் ஒரு வருச டிப்ளமோ செய்யலாம், எம்.எஸ்சி.யையே மருத்துவ இயற்பியலாக பாரதியாரிலும் அண்ணா பல்கலைக்கழகத்திலும் படிக்கலாம். கோவையில் இத்தனை மருத்துவமனை இருக்கும்போது இதைப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

அணுசக்தித் துறையிலேயே விஞ்ஞானியாகப் போக கேட் மதிப்பெண் ஒரு வழி. இஸ்ரோவுக்கு? பையன் இதைத்தான் ரொம்ப ஆசையாகக் கேட்டான், பொள்ளாச்சிப் பக்கம் கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை பெயரைச் சொல்லி. அவர் கோவை ஜி.சி.டி.யில் படித்தது இன்ஜினியரிங். இஸ்ரோவில் பிசிக்ஸ் படித்தவர்களுக்கும் இடம் உண்டு, ஆனால் இன்ஜினியர்களுக்கு இருப்பதை விடக் குறைவு. ராக்கெட் கட்டத்தான் ஆசை என்றால் இன்ஜினியரிங் போ, ராக்கெட் போய் அளந்து வருவதைத் தெரிந்துகொள்ள ஆசை என்றால் பிசிக்ஸ் வா என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ரெண்டாவதுதானுங்கக்கா" என்றான்.

டி.என்.பி.எஸ்.சி., வங்கி, ஐ.டி. எல்லாம் எந்தப் பட்டத்துக்கும் பொது, அதற்காக பிசிக்ஸ் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் எடுத்தவர்கள் பைத்தான் கற்றுக்கொண்டு போய்ச் சேர்வதைப் பார்க்கிறேன், கணக்குப் போடப் பயப்படாதவர்களுக்கு அது சீக்கிரம் வருகிறது.

மாமாவுக்கும் மறுநாள் காலை விளக்கிச் சொன்னேன். அவருடைய கம்பெனியில் துணியின் சாயம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற கருவி, ஒளியை அலைநீளம் அலைநீளமாகப் பிரித்துத்தான் பார்க்கிறது என்றேன். "அதை ஓட்டற பையன் எத்தனை வாட்டி கேட்டாலும் வேற வேற எண்ணு சொல்றான்" என்றார். லென்ஸைத் துடைக்கிறானா, வெள்ளை ஓடு வைத்துச் சரி பார்க்கிறானா என்று கேட்கச் சொன்னேன். தாளில் எழுதிக்கொண்டார்.

பையன் சேர்ந்துவிட்டான். என் பழைய ரெக்கார்டு நோட்டு பரணில் இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். கூட்டு ஊசல் பக்கத்தில் ரப்பரால் அழித்ததற்கு அடியில் 9.62 இன்னும் மங்கலாகத் தெரிகிறது. வகுப்பு தொடங்க இரண்டு வாரம் இருக்கிறது. அதற்குள் ஒரு சனிக்கிழமை எங்கள் லேப்பைப் பார்க்க வரச் சொல்லியிருக்கிறேன், எட்டரை பஸ்ஸுக்கு ஏறுகிறானாம்.